பதினோரு எழுத்து ஊர்

பார்சல் வண்டியின் திரையில் பதினோரு எழுத்து.
கூட்டிப் படித்துக் கேட்டேன்:
"ஹாப்பிஸ்பர்க் எந்தப் பக்கம்?"
பேருந்துக்கு நின்ற மனிதர்
தவறு என்று சொல்லவில்லை.
சொன்னால் எனக்கு வலிக்குமாம்.
வானத்தைப் பார்த்தார், காலணியைப் பார்த்தார்,
"ஒருவேளை நீங்கள்
ஹேஸ்ப்ரோவைத் தேடுகிறீர்களோ என்னவோ" என்றார்.
பெயரைக் கெடுத்தது தான்தான் என்பது போல
மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

மீதி எழுத்தெல்லாம் எங்கே போயின என்று
நார்ஃபோக்கில் கேட்கக் கூடாது.
விண்டம் என்று சொல்லும் ஊருக்குள்
ஒரு வைமாண்ட்ஹாம் குடியிருக்கிறது,
வாய் திறக்காமல்,
வாடகையை மட்டும் ஒன்றாம் தேதி கட்டிக்கொண்டு.

என் மொழியில் ஒற்றைக் 'க'
கல்லில் ஒரு குரல், சங்கில் ஒரு குரல்,
முகத்தில் இன்னொரு குரல்.
மூன்று ஆள் வேலை; சம்பள உயர்வு கேட்டதில்லை.
இங்கே நாலைந்து பேர் சேர்ந்து வந்து
ஒன்றும் செய்யாமல் நிற்கிறார்கள்.
வரிசை கலையாமல் நிற்பதே உத்தியோகம்.

கடலுக்குப் போகும் சந்தில் கடைசி வீடு, பத்தொன்பது.
எப்போதும் கடைசியாக இருந்த வீடில்லை அது.
இருபத்தொன்றும் இருபத்துமூன்றும்
என் பட்டியலில் இன்னும் இருக்கின்றன,
உச்சரிக்கத்தான் வழியில்லை.

வில்ஃப்ரெட் லார்ட்டர் கதவைத் திறந்தார்.
நேற்று ராத்திரி அவருடைய தோட்டம்
ஆப்பிள் மரம், கூழாங்கல் பாதை, துணிக்கொடி சகிதம்
கடலுக்குள் போயிருக்கிறது.
"கொஞ்சம் தொந்தரவுதான்" என்றார்,
மழைக்கோட்டில் ஒரு பொத்தான் தொலைந்தால்
சொல்லும் குரலில்.

பார்சலை நீட்டினேன்.
மேலே அச்சிட்டிருந்தது:
புல் விதை. நூறு சதுர மீட்டருக்குப் போதுமானது.
இருவரும் படித்தோம்.
இருவருமே படிக்கவில்லை.
"பிற்பகல் வெயில் வரும் போலிருக்கிறது" என்றார்.
போலத்தான் இருக்கிறது என்றேன்.
வெயில் என்பது
அழுகைக்கு அவர்கள் வைத்திருக்கும் இடக்கரடக்கல்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது
பின்னால் காலடிச் சத்தம்.
எதிர்வீட்டு மூரியல் கூச்.
இடுக்கில் ஒரு கெட்டில், அதன் மின்வால் தரையில் இழுபட,
என்னிடமிருந்து ஓரடி தள்ளி
வரிசையில் நின்றார்.
அவர் சமையலறை அலையில் கிடக்கிறது.
ஆனாலும் எனக்கு அடுத்ததுதான் அவர் முறை.

முப்பத்தொரு வருடமாக லார்ட்டர் அவரிடம்
"எப்போதாவது நீங்கள் தேநீருக்கு வரவேண்டும்"
என்று சொல்லிவந்தாராம்.
அது அழைப்பில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.
நாம் மட்டும் என்ன,
திரும்பி வரவே போகாத வீட்டிலும்
"போய்ட்டு வரேன்" என்றுதானே செருப்பை மாட்டுகிறோம்.

நான் விலகி வழிவிட்டேன்.
கதவு விரியத் திறந்து கிடந்தது.
மூரியல் கையைத் தூக்கினார்,
தூக்கிய கை அப்படியே நின்றது.
கதவைத் தட்டுவதற்கு அவர்களிடம் ஒரு சொல் உண்டு.
அதன் முன்னால் ஒரு 'கே'.
தட்டாது, கூப்பிடாது.
மற்ற எழுத்துகளை உள்ளே அனுப்பிவிட்டு
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
வாசலிலேயே நிற்கும்,
நூற்றாண்டுக் கணக்காக.

திறந்த கதவை மூரியல் தட்டினார்.
"தொந்தரவில்லையே?"
"இல்லவே இல்லை" என்ற லார்ட்டர்
மூன்று கோப்பை எடுத்து வைத்தார்.
எனக்கு இன்னும் பதினான்கு பார்சல் பாக்கி.
உட்கார்ந்தேன்.

மேசையில் வைத்த கரண்டி
தானாக மெல்லக் கடல் பக்கம் நகர்ந்தது.
மூவரும் பார்த்தோம்.
சர்க்கரைக் கிண்ணத்தை அதற்குக் குறுக்கே வைத்துவிட்டு
பால் போதுமா என்று கேட்டார் லார்ட்டர்.

மூரியல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"இதோ" என்றார் கொஞ்சம் கழித்து,
கைக்குட்டையைத் தேடியபடி,
"வெயில் வந்துவிட்டது பாருங்கள்."